பின்கோடு 600097

பன்னிரண்டாவது முடித்த ஏழு பையன்களுக்கு அன்று பயோடேட்டா எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பெயர், அப்பா பெயர், படிப்பு எல்லாம் சரியாக எழுதினார்கள். முகவரிக்கு வந்ததும் ஆறு பேர் 'துரைப்பாக்கம், சென்னை 600097' என்று எழுதியிருந்தார்கள். ஏழாவது பையன் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். நாங்கள் உட்கார்ந்திருந்தது கண்ணகி நகரில், அவர்கள் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

"பின்கோடு ஒண்ணுதானே மிஸ்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் பகலில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினோரு வருடமாக மாலை வேளைகளில் இங்கே வந்து போகிறேன். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் வேறு பல இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000 வாக்கில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தத் தொடங்கினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு அறையும் கொஞ்சமும். இவற்றைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். இங்கே எல்லோருக்கும் அது இன்னும் 'போர்டு'தான். பெண்கள் பாத்திரம் தேய்த்த வீடுகள் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருந்தன. குடும்பத்தை மட்டும் பிடுங்கிப் பல கிலோமீட்டர் தள்ளி நட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் எதிரேயே இருக்கின்றன. அம்மாக்களில் பாதிப் பேர் இப்போது அங்கே ஹவுஸ்கீப்பிங்.

அந்தக் கட்டடங்களின் வாசலில்தான் முகவரிப் பிரச்சினை. கண்ணகி நகர் என்றதுமே பேச்சு மாறிவிடும் என்று பையன்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அல்லது நம்ப விருப்பமில்லை. காலியாக விட்டிருந்த பையனிடம், "இதுல மறைக்க என்னடா இருக்கு, உள்ளதை எழுது" என்றேன். எழுதினான். கணக்கில் கெட்டி, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறிப் பேசிவிடுவான். ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் இரண்டு சுற்று தாண்டினான். மூன்றாவதில் முகவரியைப் பார்த்துவிட்டு, "வேற இடத்துல தங்க முடியுமா?" என்று கேட்டார்களாம். அப்புறம் அழைப்பே வரவில்லை. காரணம் அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அவனுக்குச் சந்தேகமே இல்லை. வகுப்புக்கு வருவதை நிறுத்தினான்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளிர் குழுத் தலைவி, மாலையில் பஜ்ஜிக் கடை. ஊரே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. நான் இங்கே வந்த புதிதில் வகுப்பை ஐந்து மணிக்கு வைத்தேன். இரண்டு பேர், மூன்று பேர்தான் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அக்காதான் கேட்டார்: "தண்ணி லாரி வர்ற நேரத்துல கிளாஸ் வெச்சா எந்தப் புள்ள மிஸ் வரும்? குடம் யாரு தூக்குறது?" ஆறரைக்கு மாற்றினோம். இருபது பேர் வந்தார்கள், அத்தனையும் பையன்கள். மாடிப்படியில் இளவட்டங்கள் கும்பலாக உட்கார்ந்திருந்ததால் பெண் பிள்ளைகள் மேலே ஏறி வரத் தயங்கினார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. பஜ்ஜிக் கடையைப் படிக்கட்டு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த வாரமே ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பையன் விஷயத்தில் அவர் என்னைத் திட்டினார் என்றே சொல்லலாம். "நீங்க எட்டரைக்கு பஸ் ஏறிடுவீங்க மிஸ். அந்த அட்ரஸ்ல இருக்கப்போறது அவன்." எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வீடு போய்ச் சேருகிறவரை மனதுக்குள் அவரிடம் வாதாடிக்கொண்டே இருந்தேன். என் பயோடேட்டாவில் நான் எதையும் யோசித்து எழுத வேண்டியிருந்ததில்லை என்பது மத்திய கைலாஸ் தாண்டும்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் அறிவுரையைக் குறைத்துக்கொண்டேன். அது எங்களிடம் ஏற்கெனவே ஏராளம். சனிக்கிழமைகளில் யாராவது டி-ஷர்ட் கொடுக்க வந்து 'உங்களால் முடியும்' என்று பேசிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் அதை எத்தனை முறை சொன்னார்கள் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது வேறு வேலைக்கு. இ-சேவை மையத்துக்குக் கூட வருவதற்கு, தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பதற்கு, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் என்ன தப்பு என்று பார்ப்பதற்கு. ரேஷன் கார்டில் இன்னும் பழைய கரையோர முகவரி, ஆதாரில் போர்டு முகவரி. 2018 வரை இந்த வீடு காஞ்சிபுரம் மாவட்டம், அதன் பிறகு சென்னை மாவட்டம். வீடு நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகிற அப்பா ஒருவர் இதற்காக எத்தனை நாள் சம்பளத்தை விடுவார்?

சில இடங்களில் கூடப் போயும் பயனில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பெண் ஒருத்தியை ஏழாவதில் ஒரே ஒரு வருடம், கடன் வாங்கி, பக்கத்துத் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று செய்த காரியம். அந்த ஒரு வருடம் அவளை வெளியே தள்ளியது. அந்த அம்மாவிடம் அதை விளக்கிச் சொன்ன மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் அழவில்லை. "அப்ப படிக்க வெச்சது தப்பா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

2020-ல் இங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். தண்ணீர்க் குழாய்க்கு இல்லாத பணம் பெயின்டுக்கு இருக்கிறதா என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்ணை எல்லா சேனலும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே சொன்னது. ஊர்ப் பெயரைப் பட்டம் மாதிரி முன்னால் போட்டுச் சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அன்று அக்கா பஜ்ஜிக்குக் காசு வாங்கவில்லை.

அந்தப் பையன் டெலிவரி வேலைக்குப் போயிருந்தான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவான். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் எட்டு மணி வாக்கில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கூடத்து வாசலில் வந்து நின்றான். தங்கைக்கு அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். விண்ணப்பம் போட வேண்டும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமாமே, அதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். தங்கை அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

என் போனிலேயே விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினேன். முகவரிக் கட்டம் வந்தது. நான் கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் தங்கையைப் பார்த்தான்.

"துரைப்பாக்கம்னே போடுங்க மிஸ்" என்றாள் அவள்.

போட்டேன்.