கூழாங்கற்களின் மீது ஆடி அமாவாசை

1990ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயதானபோது, இலங்கையின் வடகரையில் இருக்கும் பருத்தித்துறையிலிருந்து இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் நகருக்கு அம்மாவோடு வந்து சேர்ந்தேன். எங்களுக்கு முன்பே வந்துவிட்ட அப்பா, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய விடுதியின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். வந்த அன்று மாலையே அவர் எங்களைக் கடல் பார்க்க அழைத்துச் சென்றார். ஆனால், அம்மா சாலையோரக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். போர் நடந்த ஊரில், கடலில் வெளிச்சம் தெரிந்தால் கடற்படைப் படகென்று வீட்டு விளக்கை அணைத்துப் பழகியவர் அவர். 1899இல் திறக்கப்பட்ட பலஸ் பியர் என்ற கடற்பாலம் ஆயிரக்கணக்கான மின்குமிழ்களோடு கடலுக்குள் நீண்டு ஒளிர்ந்துகொண்டிருந்ததை, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ கால்களுக்குக் கீழே இருந்ததுதான் வியப்பாக இருந்தது. முருகைக்கல் கரையும் மணற்காட்டு மணலும் எனக்குத் தெரியும். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூழாங்கற்கள் மட்டுமே கிடந்தன. அலை வந்து மோதும்போது எழும் ஓசையைவிட, அது திரும்பும்போது கற்களை உருட்டி இழுத்துக்கொண்டு போகும் கரகரப்பு பெரிதாகக் கேட்கும். தென்மேற்குக் காற்று கற்களைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், கரையிலிருந்து கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுவரின் மேற்குப் பக்கத்திலும் கற்கள் குவிந்து உயர்ந்திருக்க, கிழக்குப் பக்கம் பள்ளமாகக் கிடக்கும். காற்றுக்கு ஒதுங்க அந்தப் பள்ளமே நல்ல இடம் என்பதை முதல் மாரிகாலத்திலேயே கற்றுக்கொண்டேன்.

உல்லாச நகரில் வளர்ந்தவன் என்றால், பிள்ளைப் பருவம் முழுவதும் கடற்கரையில் கழிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் சனங்கள் வந்து குவியும் வெயில் நாட்கள்தான் அப்பாவுக்கு ஓய்வே இல்லாத நாட்கள். நாங்கள் குடும்பமாகக் கரையில் நடந்ததெல்லாம், விடுதிகள் வெறிச்சோடி, அப்பாவின் வேலை நேரமும் சம்பளமும் குறைந்துவிடும் நவம்பர் மாதத்தில்தான். அந்த மாலைகளில், 1975இல் மூடப்பட்டுக் கடலுக்குள் தனியே நின்ற மேற்குப் பியரின் மேல் மைனா இனத்தைச் சேர்ந்த பல்லாயிரம் ஸ்டார்லிங் குருவிகள் கரும்புகையைப் போலச் சுழன்று அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

என் அப்பப்பா 1989இல் ஊரில் காலமானபோது, மூத்த மகனான அப்பாவால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. ஊரில் என்றால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போயிருப்பார். 1991ஆம் ஆண்டு ஆடி அமாவாசை, விடுதியில் ஓர் அறைகூடக் காலியில்லாத கோடை நடுவில் வந்தது. விடியும் நேரத்தில் அப்பா என்னை எழுப்பி, "தம்பி, துவாயையும் செருப்பையும் பிடிச்சுக்கொண்டு நில், என்ன" என்று சொல்லிக் கரைக்கு அழைத்துச் சென்றார். முந்தைய இரவின் வெற்றுப் புட்டிகள் கற்களிடையே கிடந்தன. வேட்டியோடு, பாதம் நோகக் கற்களில் தள்ளாடி இறங்கி, உடல் விறைக்கும் தண்ணீரில் மும்முறை மூழ்கி எழுந்து, சிறிய பித்தளைச் செம்பில் கொண்டுவந்திருந்த எள்ளைக் கையில் எடுத்துக் கடல்நீரோடு இறைத்தார். பிறகு உடை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். விரதம் இருந்த வயிற்றோடு, நாற்பது பேருடைய காலை உணவுக்குப் பன்றி இறைச்சி பொரித்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில்தான் வீடு திரும்பினார். அந்த நாளுக்குரிய காத்தோட்டிக்காய் இங்கே எங்கே கிடைக்கும்? லண்டனின் ரூட்டிங் பகுதிக் கடையொன்றில் சொல்லி வாங்கிய பாகற்காயைத்தான் அம்மா கறியாக்கியிருந்தார்.

அடுத்த ஆண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ரோயல் பவிலியன் மாளிகைக்குக் கூட்டிச் சென்றார்கள். வெளியே இந்தியப் பாணிக் குவிமாடங்களோடு ஓர் ஆங்கிலேய அரசனுக்காகக் கட்டப்பட்ட அந்த மாளிகை, 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை, பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. அவரவர் மத, சாதி வழக்கத்துக்கேற்ப ஒன்பது குசினிகள் வைத்துச் சமைத்திருக்கிறார்கள். நகரின் மருத்துவமனைகளில் இறந்தவர்களுள் இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேர் நகருக்கு வெளியே பச்சம் குன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அங்கே 1921இல் எழுப்பப்பட்ட சத்திரி என்ற வெண்பளிங்கு நினைவுமண்டபம் இன்றும் நிற்கிறது.

அன்று இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாம்பலை எங்கை கரைச்சவையாம்?"

"இந்தக் கடலிலைதான் அப்பா."

அந்த ஆண்டு ஆடி அமாவாசை அன்று, அப்பப்பாவுக்கு இறைத்து முடித்த பிறகும் அப்பா கரையேறவில்லை. இன்னொரு கை எள் எடுத்தார். நான் துவாயை விரித்துப் பிடித்தபடி, அவர் திரும்பி வரும்வரை கற்களின் மேல் நின்றேன்.