கத்திரி வெயிலுக்கு ஒரு வெட்ஜ்

மே 5
கோல்ஃப் மைதானம் காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. என் சாண்ட் வெட்ஜ், பந்தை மேலே தூக்கி அடிக்கும் கிளப்; முகத்தின் சாய்வு 56 டிகிரி. அதன் பவுன்ஸ், அதாவது முன்விளிம்புக்குக் கீழே அடிப்பகுதி இறங்கியிருக்கும் கோணம், 14 டிகிரி. மணலில் அருமையாக வேலை செய்யும். இந்தத் தரையிலோ முகத்தைத் திறந்து, அதாவது இன்னும் வானம் பார்க்கத் திருப்பி வைத்தாலே முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது. அடிப்பகுதி தரையில் தட்டி எகிற, விளிம்பு பந்தின் நடுவில் மோதுகிறது. பந்து, குழி இருக்கும் கிரீனைத் தாண்டி ஓடுகிறது. “தரையிலே பட்டுத்தான் சார் மேலே வருது” என்றார் என் கிளப் பையைச் சுமக்கும் கேடி. புது வெட்ஜ் வாங்குவதைவிட இதன் அடிப்பகுதியையே தேய்த்துவிடலாம்.

மே 7
கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் தன் கிளப்பின் அடியில் ஈயப்பற்று வைத்து, பின்விளிம்பைத் தாழ்த்தி, அதோடு 1932 பிரிட்டிஷ் ஓபனை வென்றார். மணலுக்காக அவர் சேர்த்த பகுதியில்தான் நான் கொஞ்சம் கழிக்கப் போகிறேன். முன்விளிம்பைத் தொடுவதில்லை. தண்டை ஒட்டிய ஹீல் பக்கமும் பின்விளிம்பும் மட்டும்.

மே 10
தேய்க்க வேண்டிய இடத்தை நீல மார்க்கரால் பூசிவிட்டு பெல்ட் சாண்டரைப் போட்டேன். முகமூடி கட்டாயம், குரோம் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு மூன்று இழுப்பு, உடனே தண்ணீரில் முக்கல். சூடு, தண்டு செருகியிருக்கும் ஹோசல் வரை ஏறினால் உள்ளே இருக்கும் எபாக்ஸி பசை பிடிப்பு விட்டுவிடும். நீலம் போய், குரோமும் போய், சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே நிக்கல் பூச்சு லேசான மஞ்சள் கோடாக ஓடியது. அந்தக் கோடு ஒரே சீராக வளைந்தால் தேய்ப்பும் சீராக இருக்கிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. கடைசியில் அரம், அப்புறம் உப்புத்தாள், துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்.

மே 11
தராசில் 6 கிராம் குறைந்திருக்கிறது. கிளப்பின் தலையில் 2 கிராம் என்பது ஸ்விங் வெயிட்டில் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய ஒரு புள்ளி, ஆக D5 இப்போது D2. கையில் பிடித்தாலே தலை இருப்பது தெரியவில்லை. முகத்தின் பின்பக்கம் ஈய டேப் ஒட்டி எடையை மீட்டேன். விதிப்படி டேப் ஒட்டலாம். ஆட்டத்தின் நடுவே கிளப்பின் தன்மையை மாற்றத்தான் கூடாது. ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மே 14
காலையிலேயே போய் அடித்துப் பார்த்தேன். முகத்தைத் திறந்தாலும் விளிம்பு தரையோடு படிந்து நிற்கிறது. ‘டக்’ என்ற சத்தம் போய், புல்லை மட்டும் சீவும் சத்தம். பந்து உயரே எழுந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. எவ்வளவு சந்தோஷம்! பங்கர் என்ற மணல்குழியில், மணல் பொலபொலவென்று இருக்கும் இடத்தில், முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது. எதிர்பார்த்ததுதான். மழைக்காலத்துக்கு அதிக பவுன்ஸ் உள்ள இன்னொரு வெட்ஜை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.