ஊகம் தொடங்கும் இடம்

தொல்கலைப் பொருள்களைச் சீரமைக்கும் பணிக்குக் கைத்திறன் போதும் என்றே முதலில் எண்ணியிருந்தேன். ஆனால், பயிற்சியின் முதல் ஆண்டு பெரும்பாலும் வேதியியலிலேயே கழிந்தது: மண்ணுக்குள் கிடந்த சுட்ட மட்கலம் உறிஞ்சிய உப்பு, உலரும்போது படிகமாகி அதன் மேற்பரப்பையே உதிர்த்துவிடும் என்பதால், தூய நீரில் பலமுறை ஊறவைத்து உப்பை வெளியேற்றிய பின்னரே ஒட்டத் தொடங்குகிறோம். ஒட்டுவதற்குப் பாராலாய்ட் பி-72 பிசினை விரும்புகிறேன். அது அசிட்டோனில் கரைவதால், பின்னால் வருபவர் எங்கள் வேலையைக் கலைத்துத் திருத்த முடியும்.

ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஓவியத்தில் முற்றிலும் உதிர்ந்துபோன ஒரு முகத்தின் முன் தூரிகையோடு அமர்ந்திருக்கும்போது, அந்த விதிக்குக் கீழ்ப்படிவதுதான் இத்தொழிலில் எனக்கு மிகக் கடினமானது. சிறு இழப்புகளை மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புகிறோம். தொலைவில் வண்ணம் இணைகிறது, அருகில் வந்தால் எது பழையது, எது எங்களுடையது என்பது தெரிகிறது.