புல்லுக்கும் ரொனிக்கோ?

சித்திரை பிறந்தால் எங்கள் ஊர்க் கிணறுகள் இறங்கத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த மாரி வரை அதைத்தான் இறைத்துக் காலம் தள்ள வேண்டும். ஆசைப்பட்டுக் கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால் முதல் இறைப்பு வாழைக்கும் வெங்காயத்துக்கும்தான். மாட்டுப் புல்லுக்கு மிச்சம் மீதி.

நீர்வேலியில் எங்கள் தோட்ட வாய்க்காலின் கடைசியில் இரண்டு பரப்புக் காணியில் கோ-3 புல் நிற்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த நேப்பியர் கலப்பினம். தண்ணீர் கிடைத்தால் ஆள் உயரத்துக்கு மேலே போகும்; கிடைக்காவிட்டால் முதலில் முகம் சுளிப்பதும் அதுதான். பின்னேரங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தாவர ஓமோன் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, இந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது, பெயர் தெரியாத ‘வளர்ச்சி ஊக்கி’ப் போத்தல்கள் கடைகளில் வந்து குவிந்தன. தடை போனது, போத்தல்கள் போகவில்லை. அதில் ஒன்றை வாங்கி அடிக்க முதல் சுட்டியைப் படியுங்கள். ஜிபரெலின் என்று இருந்தால், வறட்சிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நெற்பயிரை நெடுநெடுவென்று வளர்த்துச் சாய வைக்கும் பங்கசு நோயை ஆராயப் போய், 1926இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா அந்தப் பங்கசு சுரக்கிற பொருளால்தான் பயிர் நீள்கிறது என்று காட்டினார். அதுதான் ஜிபரெலின். உயரம் கூடினால் இலைப்பரப்பும் கூடும், தண்ணீரும் கூடப் போகும். கொல்ப் மைதானக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். புல்லுக்குள் ஜிபரெலின் உருவாவதைத் தடுக்கிற மருந்தை அடித்துத்தான் குட்டையாகவும் அடர்த்தியாகவும் வைத்திருக்கிறார்கள்.

வறட்சியில் புல்லுக்கு உதவக்கூடியது வேறு ஓமோன், பெயர் சைற்றோகைனின். மண் காயக் காயச் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஓமோன் கூடும். இலைவாய் என்ற நுண்துளையின் இரு பக்கமும் உள்ள காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேற, பின்னால் தண்ணீரும் போக, இலைவாய் மூடிக்கொள்ளும். இது புல்லின் சொந்தப் புத்தி, கெடுக்கக்கூடாது. அதே நேரம் வேர்நுனிகளிலிருந்து வருகிற சைற்றோகைனின் குறையும். அது குறைந்தால் அடி இலை மஞ்சளாகி, பச்சையம் கரைந்து, இலை வயதுக்கு முன்பே கிழடு தட்டும். நாங்கள் வெளியிலிருந்து கொஞ்சம் சைற்றோகைனின் கொடுத்தால் இந்த முதுமை பிந்தும். தண்ணீர் வந்ததும் ஒளித்தொகுப்பைத் தொடரப் பச்சை இலை மிஞ்சியிருக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். எந்தச் சாறும் மண்ணுக்குள் தண்ணீரைக் கொண்டுவராது.

சியாற்றின் என்ற சைற்றோகைனினை 1963இல் இளஞ்சோள மணியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இளநீரிலும் உண்டு, முருங்கை இலையிலும் உண்டு. இளநீர் விற்கிற விலைக்கு அதைப் புல்லுக்கு ஊற்ற மனம் வராது. முருங்கை வேலியோரம் சும்மா நிற்கிறது.

குருத்திலைகளை உருவி, கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கிரைண்டரில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிவேன். துணியை இரண்டாக மடிக்காவிட்டால் சக்கை போய் மருந்தடிக்கிற மெசினின் வாயை அடைத்துவிடும். ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர். பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் முருங்கைச் சாற்றை வைத்துச் செய்த ஆய்வுகளில் பாவித்த அளவு இது. இலையில் ஒட்ட ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பேன். மிஞ்சினால் வைத்திருப்பதில்லை, அடுத்த நாள் நாறும்.

“பிள்ளை, மாட்டுக்கு ரொனிக் பருக்கினனாங்கள். இப்ப புல்லுக்கும் ரொனிக்கோ?” என்று மாமா கேட்டார்.

“இது முருங்கையிலைச் சாறு மாமா.”

“அப்ப வறை வறுத்தா நாங்கள் சாப்பிடலாமே!”

பாத்தியில் ஒரு பாதிக்கு மட்டும் அடித்தேன், மறுபாதியைச் சும்மா விட்டேன். உயரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் இலைச் சுருளில்தான். சோழகக் காற்று சுழற்றி அடிக்கிற நாட்களில் காலை பத்து மணிக்கே கோ-3 இலை நடுநரம்பை ஒட்டிச் சுருண்டு தென்னை ஈர்க்கு மாதிரி ஆகிவிடும். மத்தியானம் சுருள்வதற்குப் பயப்பட வேண்டாம், அது தற்காப்பு. பொழுதுபட விரிகிறதா என்று பாருங்கள். விடியற்காலையிலும் சுருண்டே நின்றால் நிலைமை மோசம். சாறு அடித்த பாதி பின்னேரமே விரிந்தது. அடி இலைகளும் அங்கே பிந்தித்தான் மஞ்சளாயின. இது என் இரண்டு பரப்புக் கதை, ஆராய்ச்சி என்று யாரும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

ஆனால் அடிக்கிற நேரம் முக்கியம். புல் கருகின பிறகு அடித்துப் பயனில்லை. தண்ணீர் குறையப் போகிறது என்று தெரிந்ததும், புல் செழிப்பாக நிற்கும்போதே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் வேர்ஜீனியாப் புற்றரை ஆய்வாளர்கள் கடற்பாசிச் சாற்றையும் ஹியூமிக் அமிலத்தையும் கலந்து பாவித்து 2004இல் எழுதிய கட்டுரையிலும், வறட்சியில் அந்தப் புல்லுக்கு வேர் கூடியிருந்தது, இலையில் சைற்றோகைனினும் கூடியிருந்தது. அது கொல்ப் மைதானப் புல், பால் தருகிற மாட்டுக்கு வெட்டிப் போடுகிற புல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாற்றைவிட எனக்குப் பெரிய பலன் தந்தவை இரண்டு. ஒன்று, கோடையில் தரையோடு வழித்து வெட்டாமல் ஒரு சாண் அடிக்கட்டை விடுவது. திரும்பத் தளிர்க்கத் தேவையான மாச்சத்து அதில்தான் இருக்கிறது. மற்றது, வாழைச் சருகை அள்ளி வரிசைக்கு இடையில் மூடுவது. இவை இரண்டையும் செய்யாதவர்கள் முருங்கையை வறைக்கே விடலாம். காய்ந்து நிற்கிற புல்லுக்கு யூரியாவும் போடாதீர்கள். வறட்சியில் நைத்திரேற்று தண்டில் தேங்கும், மாட்டுக்கு அது நஞ்சு. அந்த நாட்களுக்குப் பனையோலையும் வைக்கலும் இருக்கின்றன.

அடுத்த கோடைக்குக் கடற்பாசியையும் பார்க்க ஆசை. கரையில் ஒதுங்குகிற சாதாளையில் பெரும்பகுதி கடற்புல், பாசியே இல்லை; உப்பும் அதிகம், அதனால் அதைத் தொடப் போவதில்லை. குஜராத்தின் பவநகரில் உள்ள உப்பு, கடல் இரசாயன ஆய்வு நிலையத்தார் கப்பாபைக்கஸ் பாசியைக் காய வைக்க முதல் பச்சையாகப் பிழிந்து பயிருக்குச் சாறு எடுக்கிறார்கள். அதே பாசியைக் கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாட்டிலும் வளர்க்கிறார்கள். ஒரு வாளி பச்சைப் பாசி தரக்கூடிய ஆட்கள் அந்தப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், பஸ் பிடித்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.