வந்தவள் கேட்ட கொப்பி

2024 ஜூன் 3, திங்கள்

மச்சாளின் மகள் திருகோணமலைக்கு லீவில் வந்திருக்கிறாள். பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. வருடத்தில் சில இரவுகள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வேலை பார்க்கிறவள். அப்படிப்பட்ட பிள்ளையைச் சும்மா விடுவேனா? புட்டும் மீன் குழம்பும் முடிந்த கையோடு மாடிக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்தை இரவில் திறந்துவிட ஆளில்லாததால், வானியல் கழகத்தின் 8 அங்குலக் கண்ணாடி வைத்த டொப்சோனியன் வகைத் தொலைநோக்கி உப்புவெளியில் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறது.

சுவாதி நட்சத்திரத்தைக் காட்டினேன். குவியத்தைக் கொஞ்சம் வெளியே திருகினாள், உள்ளே திருகினாள். "மாமா, இது எவ்வளவு நாளாய் இப்பிடி?" புள்ளியாய் நிற்கவேண்டிய வெள்ளி ஒரு பக்கம் இழுபட்டு, காற்புள்ளி போல வாலோடு இருந்தது. இரண்டு வருடமாய் அப்படித்தான். கடற்காற்றின் உப்பு கண்ணாடியைத் தின்றுவிட்டது என்று பிள்ளைகளுக்கு விளக்கமே கொடுத்திருக்கிறேன். அவள் அடிக்கண்ணாடியின் மூன்று திருகாணிகளில் ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினாள், மற்றதை இன்னும் கொஞ்சம். பத்து நிமிடம். உப்பு போய்விட்டது.

ஜூன் 4, செவ்வாய்

முகில். கீழே இருந்து கதைதான்.

உள்ளே இருப்பவர்களுக்கே இரவு போதாதபோது காவலூரில் வெளியாருக்கு ஏன் நேரம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். இன்ன வெள்ளியை இன்ன காரணத்துக்காகப் பார்க்கவேண்டும் என்று விண்ணப்பம் எழுத வேண்டுமாம். ஒரு குழு அதைப் படித்து இரவுகளைப் பங்கிடுமாம். "தினமும் தொலைநோக்கியோட குடும்பம் நடத்துறவைக்கு அதின்ர குறை பழகிப்போயிடும் மாமா. புதுசா வாறவர் கேள்வி கேட்டு உயிரை எடுப்பார், அதில ஒண்டாவது உருப்படியா இருக்கும்." நேற்றைய காற்புள்ளி நினைவில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அங்கே இரவு உதவியாளர்கள் காற்று மாறுகிற விதத்தை வைத்தே கூரையை எப்போது மூடவேண்டும் என்று சொல்லிவிடுவார்களாம். அதைப் பிடிக்க அவளுக்கு இரண்டு வருடம் எடுத்ததாம்.

1769இல் இதே ஜூன் 4 அன்றுதான் லெ ஜான்தி என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்து, முகிலில் கோட்டை விட்டார். 1761இன் கடப்பு நடுக்கடலில் வீணாகிப் போக, அடுத்ததற்காகவே வருடக்கணக்கில் ஊர் திரும்பாமல் கிடந்த மனிதர். பாவம். ஆனால் காத்திருந்த நாட்களில், தமிழர் சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணிக்கிற முறையைக் கேட்டு எழுதி வைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் அந்தக் கணக்கு 41 வினாடி குறைந்ததாம். ஐரோப்பாவில் மாயர் என்ற வானியலாளர் போட்ட அட்டவணையோ 68 வினாடி கூடியதாம். வந்த வேலை நடக்காதபோதுதான் அந்த மனிதர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்திருக்கிறார் போல.

ஜூன் 5, புதன்

"சரி மாமா, பார்த்ததை எழுதின புத்தகம் எங்க?"

கழகத்துக் கொப்பியை நீட்டினேன். 'சனி பார்த்தோம். வளையம் தெரிந்தது. பிளேன்டி குடித்தோம்.' பக்கத்துக்குப் பக்கம் இதுதான். அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

எனக்கும் ரோஷம் வந்தது. 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்துக்கு இங்கிலாந்து அரசு அனுப்பிய குழுவில் மோஸ்லி என்ற இயற்கையியலாளர் இந்தத் திருகோணமலையில் நின்றுதான் சூரியனின் கொரோனா என்ற வெளி ஒளிவட்டத்தை, ஒளியை நிறங்களாய்ப் பிரிக்கும் நிறமாலைமானியால் பார்த்தார் என்றேன். "பிறகு?" பிறகென்ன, அடுத்த வருடம் சலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பலில் ஏறிவிட்டார். ஊர்ப் பிள்ளை ஒருவரேனும் அந்தக் கருவிக்குள் எட்டிப் பார்த்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை. அப்படி வந்துபோகிறவரால் அறிவியலுக்கு லாபம், ஊருக்குக் கதை மட்டும்.

ஆனால் மோஸ்லியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? சூரியன் வளையமாய்த் தெரிந்த 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்கு இதே மாடியில் 40 பிள்ளைகள் நின்றார்கள். கூவினோம், படம் எடுத்தோம். வளையம் கூடிய நேரத்தையும் பிரிந்த நேரத்தையும் ஒருத்தரும் குறிக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

அமாவாசை இருட்டு. ஆறு பிள்ளைகள் வந்தார்கள். வட மகுடம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் டி கொரோனே பொரியாலிஸ் என்ற மங்கல் வெள்ளியைத் தேடிப் பிடிக்கச் சொன்னாள். 1866இலும் 1946இலும் திடீரென வெடித்து வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி எந்த நாளும் வெடிக்கலாம் என்று உலகம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். முறை சுலபம்: பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று, இரண்டின் பிரகாச எண்ணும் வரைபடத்தில் இருக்கும்; நம் வெள்ளி இடையில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். மற்றவருக்குச் சொல்லாமல் எழுத வேண்டும். அது மட்டும் கண்டிப்பு.

இடையில் சல்லிக் கிராமத்துப் பொடியன் ஒருவன், "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, வள்ளங்கள் அங்கால போகட்டும்" என்றான். கடலில் வரிசையாய் லைட் வெளிச்சம். அரை மணியில் அவை விலக, அதுவரை தட்டுப்படாத இரண்டு மூன்று வெள்ளிகள் கண்ணாடிக்குள் வந்தன. அவள் உடனே தன் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.

ஜூன் 8, சனி

இரவு பஸ்ஸில் போய்விட்டாள். மச்சாள் கொடுத்த கருவாட்டுப் பொதியை மறந்து, எங்கள் வரைபடத்தின் பிரதியை மறக்காமல்.

ஜூன் 11, செவ்வாய்

கொப்பியில் இப்போது நாள், நேரம், முகில், வள்ளம் என்று கோடு போட்ட கட்டங்கள். அந்த மங்கல் வெள்ளிக்கு இன்றைய மூன்று எண்கள்: 10.0, 10.1, 9.6. 9.6 போட்டவன் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு அழிறப்பரைத் தேடினான். உயர்தரம் படிக்கிற பிள்ளை கொப்பியைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லியும் கொடுக்கவில்லை.