லூயியின் ஆணிப் பலகை: ஓவியம் இதுவரை

ஐந்து வாரமாக ஒரே கேன்வாஸில் நிற்கிறேன். பதினெட்டுக்கு இருபத்து நாலு அங்குலம், அக்ரிலிக். படத்தில் இருப்பது ஆறு வயது லூயி பிரெயில், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைப் பின்னாளில் உருவாக்கியவன்.

பாரிஸுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சின்ன ஊரில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809-ல் பிறந்தவன். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோலைத் துளைத்து விளையாடும்போது குத்தூசி சறுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் வைத்து அடுத்த கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் பார்வை முழுக்கப் போய்விட்டது.

முதல் ஸ்கெட்ச்சில் அந்த விபத்தைத்தான் போட்டேன். ஊசி, குழந்தை, ஓடி வரும் அப்பா. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன். அதில் பரிதாபம் இருந்தது, லூயி இல்லை. அவனுடைய அப்பா மரப்பலகையில் எழுத்து வடிவமாக ஆணி அடித்து, தடவிப் படிக்கக் கொடுத்தார் என்று படித்திருந்தேன். வரைய வேண்டியது அதுதான் என்று தோன்றியது.

தோல்தான் எளிதாக வந்தது. பேர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பை நீர்க்கக் கரைத்து அடிப்பூச்சு, காய்ந்ததும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமரீன் நீலம் கலந்து மெல்லிய பூச்சு மூன்று, விளிம்புகளில் மட்டும் உலர்ந்த தூரிகையால் ஒரு இழுப்பு. சுவரில் தொங்கும் சேணங்கள் தொட்டால் சொரசொரக்கும் போல வந்தன. கைதான் படுத்தியது. அக்கா மகனைக் கண்ணை மூடச் சொல்லி, ஆணி அடித்த பலகையைத் தடவ விட்டு போன் கேமராவில் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். இடது ஜன்னல் வெளிச்சம் விரல் நுனியில் விழுகிற மாதிரி அமைத்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், பிறவியிலேயே பார்வையில்லாதவர். படத்தை அவருக்கு வாயால் விவரித்தேன். "பையன் குனிஞ்சு பலகையையே..." என்றதும் நிறுத்தினார். "விரல் படிக்கும்போது தலை எதுக்கும்மா குனியணும்?"

அக்கா மகன் கண்ணை மூடினாலும் கழுத்து பழக்கத்தில் குனிந்திருக்கிறது. அதை அப்படியே நானும் வரைந்திருக்கிறேன். முகம், கழுத்து, தோள் மூன்றையும் மூடி அடித்துத் திரும்பத் தொடங்கினேன். இப்போது தலை நிமிர்ந்து, காது பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே அப்பா அடுத்த எழுத்துக்குச் சுத்தியல் தட்டிக்கொண்டிருக்கிறார். விரல் ஒரு எழுத்தில், காது அடுத்த எழுத்தில். மாற்றிய பிறகுதான் படம் கதை சொல்கிறது.

கீழ் ஓரத்தில், காய்ந்தால் மேடாக நிற்கும் மாடலிங் பேஸ்ட்டைப் பல்குச்சியால் வைத்து, தமிழ் பிரெயிலில் 'லூயி' என்று போட்டேன். நான்கு கட்டம், அதாவது நான்கு புள்ளிக் கூட்டம். 'ல'வுக்கு இடது வரிசையில் மேலிருந்து கீழாக மூன்று புள்ளி, பிரெஞ்சு 'எல்'லுக்கும் அதே மூன்றுதான். படத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பெரிதாக வைத்துவிட்டேன். சார் தடவிப் பார்த்து, "புள்ளி புள்ளியா இருக்கு, எழுத்தா இல்லையே" என்றார். ஒரு எழுத்து முழுதும் விரல் நுனிக்குள் அடங்க வேண்டுமாம். லூயியும் இதையேதான் சரிசெய்தான். பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு சார்ல் பார்பியே என்பவர் கொண்டுவந்த புள்ளி எழுத்து முறையில் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளி, விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது. அதை ஆறாகக் குறைத்து 1824-ல் தன் முறைக்கு உருவம் கொடுத்தபோது அவனுக்குப் பதினைந்து வயது.

பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்தாயிற்று. இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் அளந்து புதிதாக வைத்தேன். பேஸ்ட் காய்ந்து கொஞ்சம் அமுங்குவதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் சுற்றும் வைத்தேன். நேற்று சார் ஒரே தடவலில் "லூயி" என்றார். பிறகு விரலை மேலே நகர்த்தி, "ஆணியெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

அவை தட்டையாகத்தான் இருந்தன. இன்று இரவு பேஸ்ட் கலக்கப் போகிறேன்.