வெங்காய நடுகையில் நாரி எவ்வளவு குனிகிறது? சென்சர் கட்டி அளக்கும் முறை

யாழ்ப்பாணத்தின் கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடுகிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது நாரி (கீழ்முதுகு) நோவைத்தான். எத்தனை பாகை குனிகிறார்கள், குனிந்தால் எவ்வளவு நேரம் நிமிராமல் இருக்கிறார்கள் என்பதைக் கண்பார்வையில் கணக்கிட முடியாது. உடம்பில் இரண்டு சென்சர் கட்டினால் கணக்கிடலாம். ஒன்று போதாது. முதுகின் மேற்பகுதியில் மட்டும் கட்டினால் உடம்பு சரிந்த அளவுதான் தெரியும். முதுகு வளைந்ததா, இடுப்பிலிருந்து மடிந்ததா என்பது தெரியாது. மற்றதை நாரிக்குக் கீழே, இடுப்பெலும்பின் தட்டையான பின்பக்கத்தில் ஒட்டவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முதுகின் வளைவு. குந்தியிருந்து நடுபவர் என்றால் தொடையிலும் ஒன்று.

சென்சர் என்பது ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு எம்பியூ-6050 (வேகமாற்றத்தையும் புவியீர்ப்பையும் உணரும் ஆர்முடுகல்மானியும், சுழற்சியை அளக்கும் ஜைரோவும் சேர்ந்த சில்லு), அதை வாசித்துப் பதிய ஒரு ஈஎஸ்பி32 (சிறு கணினிச் சில்லு), மைக்ரோ எஸ்டி அட்டை, சின்ன லிதியம் பற்றரி. செக்கனுக்கு 50 அளவீடு தாராளம். நேரக்குறியோடு சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கு 3 மெகாபைற்றுக்குள் அடங்கும். புளூடூத்தை நம்ப வேண்டாம். உடம்பே அலையை மறைக்கும். அட்டையில் எழுதுவதுதான் பாதுகாப்பு. ஆர்முடுகல்மானியின் எல்லையை ±8 ஜியில் (புவியீர்ப்பைப் போல் எட்டு மடங்கு) வையுங்கள். மண்வெட்டி கொத்தும்போது ±2 ஜி நிரம்பி, அளவீட்டின் உச்சி வெட்டுப்பட்டுவிடும்.

கெடுவது பெரும்பாலும் ஒட்டும் இடத்தில்தான். உடுப்பின் மேல் கட்டினால் குனியும்போது துணி இழுபட்டு, துணியின் கோணம்தான் பதிவாகும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மருத்துவ ரேப்பால் ஒட்டி, அதற்கு மேல் இலாஸ்ரிக் பட்டி போடுங்கள். பெண்களுக்கு ஒட்டப் பெண் ஒருவரே போகவேண்டும். வெயில் ஏற வியர்வையில் ரேப் நழுவும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் “கையைத் தொங்கவிட்டு நேரா நில்லுங்கோ அம்மா” என்று 10 செக்கன் நிறுத்திப் பதியுங்கள். இரண்டு நிலைக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பதிவைச் சேர்க்காதீர்கள்.

இந்த நேர்நிலைதான் பூச்சியம். ஏற்கெனவே கூன் விழுந்தவர் நிமிர்ந்து நின்றாலும் சற்றுச் சரிந்தே நிற்பார். சென்சர் அதையும் பூச்சியம் என்றே எடுக்கும். தூக்குக்குண்டு பிடித்து அந்தச் சரிவைத் தனியாக எழுதிவையுங்கள். வலியோடு நிற்பவரை வற்புறுத்தி நிமிர்த்தக் கூடாது. அடுத்து, முழங்கால் மடக்காமல் முடிந்த அளவு ஒரு தடவை முன்னால் குனியச் சொன்னால் எது முன்பக்கம் என்று கணக்குக்குத் தெரியும். இல்லாவிட்டால் பின்னால் சாய்வதும் குனிவாகவே எண்ணப்படும்.

நடுகை மெதுவான வேலை. 3 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு மூன்று தடவை) மேற்பட்ட அசைவை வடித்துவிட்டு, புவியீர்ப்பின் திசையிலிருந்தே கோணம் எடுக்கலாம். கொத்துவதற்கு அது பொருந்தாது. அங்கே ஜைரோவுக்கு 0.98, ஆர்முடுகல்மானிக்கு 0.02 என்ற பங்கில் கலந்தால்தான் கோணம் துள்ளாது. சரிவு அளக்கக் காந்தமானி தேவையே இல்லை. இறைப்பு மெசினுக்குப் பக்கத்தில் அது பிழையாகக் காட்டும்.

சராசரி பார்க்க வேண்டாம். பாதி நேரம் 90 பாகை குனிந்தவருக்கும் முழு நேரமும் 45 பாகையில் இருந்தவருக்கும் சராசரி ஒன்றுதான். 10, 50, 90ஆம் நூற்றுமங்களை எடுங்கள் (90ஆம் நூற்றுமம் என்றால், நூற்றுக்கு 90 பங்கு நேரம் அதற்குக் கீழே இருந்த கோணம்). அதைவிட முக்கியம், ஒவ்வொரு குனிவும் நீடித்த நேரம். வேலையில் அசையா நிலைகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 11226, 60 பாகைக்கு மேற்பட்ட சரிவைப் பரிந்துரைப்பதில்லை. தாங்கல் இல்லாத 20 பாகைக்கு 4 நிமிடம் வரை, 60 பாகைக்கு 1 நிமிடம் வரைதான். நடுகையில் கை ஓடினாலும் முதுகு அசையாமல் நிற்பதால் இந்த எல்லை இங்கே பொருந்தும். 20 பாகைக்குக் கீழே 2 செக்கனாவது இருந்தால்தான் நிமிர்ந்தார் என்று கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாற்றை எட்டி எடுக்கும் சிறு அசைவுகூட நீண்ட குனிவைத் துண்டாக்கி, வேலையை இலேசாகக் காட்டும்.

கட்டமுன் பெட்டிகளைச் சேர்த்துப் பிடித்து மேசையில் மூன்று தரம் தட்டுங்கள். கழற்றிய பிறகும் அப்படியே. கடிகாரங்கள் விலகியிருந்தால் அந்தக் கூர்முனைகளை வைத்துப் பொருத்தலாம்.

யார் எவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றார் என்பதும் அந்தக் கோப்பில் இருக்கிறது. கூலியில் கைவைக்க அது போதும். பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். தோட்டக்காரர் கேட்டாலும் ஆளாளாகப் பிரித்துக் கொடுக்கமாட்டோம் என்று, பட்டி கட்டமுன்னமே இரு தரப்பிடமும் சொல்லிவிடுங்கள்.